ஃப்ரிட்ஜுக்கும் கதவுக்கும் இடையில்

பள்ளிக்கூடத்தை இடித்த வாரம்
நகராட்சிக் குப்பைமேட்டில்
ஆளுக்கொரு கட்டு என்று எண்ணிக் கொடுத்தார்கள்
உடற்பயிற்சிக் கூடத்தின் தரையை.
மேப்பிள். இரண்டேகால் அங்குல அகலம்.
ஒரு விளிம்பில் நாக்கு, மறு விளிம்பில் பள்ளம்.
பனி தள்ளும் லாரியில் போட்டுக்கொண்டு வந்தேன்.

மெய்ன் மாநிலத்தில் பிப்ரவரி
மரவேலைக்கு ஏற்ற மாதம்.
வேறு எதற்கும் ஏற்றதல்ல.

ஷேக்கர் சபையார் செய்துவைத்த மாதிரி ஓர் அலமாரி.
கதவுக்கு, நிற்க இரண்டு சட்டம்,
கிடக்க இரண்டு சட்டம்,
நடுவே ஒரு பலகை.
பூவில்லை, கொடியில்லை.
வேண்டியது இருந்தால் போதும் என்று
கடவுளுக்கே கணக்குச் சொன்னவர்கள்.
என்னிடம் இருந்ததும் அவ்வளவுதான்:
இந்தத் தரை,
படகுக் கொட்டகையில் பெயர்த்த பைன் தட்டுகள்,
குமிழுக்கு, உடைந்த ஹாக்கி மட்டையின் கழுத்து.

ஃப்ரிட்ஜுக்கும் கதவுக்கும் இடையில்
பதினேழு அங்குலச் சுவர்.
இருமுறை அளந்து ஒருமுறை அறுத்தேன்.
அறுத்த பிறகு மூன்றாம் முறை அளந்தேன்.
அளந்திருக்கக் கூடாது.

நாக்கை நீக்கினேன். பள்ளம் போதும்,
பலகை உட்கார.
சட்டத்துக்குப் பசை, பலகைக்குக் கிடையாது.
ஜூலைக் காற்றில் ஈரம் ஏறும்போது
பைன் அகலும்; அசைய
ஒரு மயிரிழை இடம் வேண்டும்.
இறுக்கினால் பிளக்கும்.
இதில் வாழ்க்கைத் தத்துவம் எதுவும் இல்லை.
பைன் அப்படித்தான்.

நான்காவது சட்டத்தில்
குறுக்கே ஒரு நீலக் கோடு.
இழைப்புளி ஓட்டினேன்.
அத்தனை வருடச் சாயத்தையும்
மரம் குடித்து வைத்திருந்தது.
இன்னும் இழைத்தால்
பள்ளத்தின் உதடு காகிதமாகிவிடும்.

எந்தக் கோடு என்று தெரியும்.
அந்தத் தரையில் நீலம் அது ஒன்றுதான்.
பதினாறு வயதில் அதன் பின்னால் நின்றேன்.
மூன்று நொடி மிச்சம், ஒரு புள்ளி குறைவு,
கையில் இரண்டு ஃப்ரீ த்ரோ.
இரண்டையும் திருப்பித் தந்தது வளையம்.
யாரும் திட்டவில்லை.
ஊர் மொத்தமும் மேலங்கி மாட்டிக்கொள்ளும்
சத்தம்தான் கேட்டது.

அடிப்பக்கம் வெளியே தெரிய
சட்டத்தைப் புரட்டிப் பூட்டினேன்.
சாத்தினால் வெறும் மேப்பிள்.
திறந்தால்தான் கோடு.

மார்ச்சில், வாசற்படிப் பனிக்கு உப்பு கேட்டு
ரமோனா பெல்கி வந்தாள்.
அன்று வளையத்தடியில்
தவறினால் பிடிக்கக் கைவிரித்து நின்றவள்.
முப்பத்தொரு வருடமாக
அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை.
காப்பிக்குக் கோப்பை எடுக்கக் கதவைத் திறந்தாள்.
கோட்டின் மேல் விரலை வைத்தாள்.
வைத்தபடியே நின்றாள்.

பிறகு கோப்பையை எடுத்தாள்,
ஊற்றினாள், சர்க்கரை எங்கே என்று கேட்டாள்.

"உனக்கு முழங்கை வெளியே போயிடுச்சு, டெல்ஃபின்," என்றாள்,
"ரெண்டு தடவையும்."