புகை வரும் செவ்வாய்

புதுப்பாளையத்தில் எங்கள் தெருவுக்குக்
கொசுப்புகை அடிக்கிறவர் பெயர் பாவாடைசாமி.
தோளில் எந்திரம் உறுமிக்கொண்டு வந்தால்
பிள்ளைகள் அதன் பின்னால் ஓடும்.
நான் முன்னால் ஓடுவேன்,
கொல்லைக்கு, ஈரத் துண்டோடு.

முருங்கையடியில் ஒரே ஒரு தேன்பெட்டி.
நாலு காலுக்கும் நாலு கொட்டாங்குச்சித் தண்ணீர்,
எறும்புக்கு அகழி.
உள்ளே எத்தனை பேர் என்று
எண்ணியதில்லை.
ரேஷன் கார்டு இல்லாத குடித்தனம்.

போன கார்த்திகையில் ஒரு செவ்வாய்
ஆபீஸில் நேரமாகிவிட்டது.
மஞ்சக்குப்பத்திலிருந்து ஷேர் ஆட்டோ
ஊர்ந்து வந்து சேர்வதற்குள்
புகை வந்து போயிருந்தது.
துடைப்பம் எடுக்க மனமில்லை.
காலண்டர் அட்டையால் வாரினேன்.
ஓர் ஆழாக்கு இருக்கும்.
எடை என்று ஒன்றுமே இல்லை.

மறுவாரம் தெருமுனையில் மறித்தேன்.
திட்டத்தான் போனேன்.
"டெங்குன்னு அடிக்கச் சொல்றாங்க மேடம்,
நான் என்ன பண்ண?"
எந்திரத்தை இறக்கி வைத்த கையைப் பார்த்தேன்.
கணுவுக்குக் கணு வெடிப்பு,
டீசல் ஏறிக் கறுத்த ஓரங்கள்.
ரசம் பட்டால் எரியுதாம்.
ஆறு மாதமாக ஸ்பூனில்தான் சோறாம்.
திட்டு பாதியில் நின்றுவிட்டது.

ராணி பிழைத்திருந்தாள், ஒரு கைப்பிடிக் கூட்டத்தோடு.
ஆளில்லாத அடைகளை வெட்டி எடுத்தேன்.
கொதிநீரில் கிண்ணம், வேட்டித் துணியில் வடிகட்டல்,
மெழுகு ஒன்றுக்குத் தேங்காயெண்ணெய் நாலு,
வேப்பெண்ணெய் சில சொட்டு.
காலி பவுடர் டப்பாவில் ஊற்றி ஆறவைத்தேன்.
முகர்ந்து பார்த்து "வாடை சரியில்ல" என்றார்.
வாங்கிக்கொண்டார்.
யாருடைய மெழுகு என்று அவர் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

தெருப்பக்கத்துத் திருநீற்றுப்பச்சையைப்
பெயர்த்துக் கிணற்றடியில் வைத்தேன்.
தும்பை தானாக வந்தது, விட்டுவிட்டேன்.
"களை மண்டிக் கிடக்குது" என்கிறார்
மாடிவீட்டு எஸ்தர் டீச்சர்.
ஆமாம் டீச்சர், மண்டட்டும்.

இப்போதெல்லாம் செவ்வாய் மாலை
ஒரு மிஸ்டு கால் வருகிறது.
இரண்டு மணியடித்து நின்றால் அரை மணி நேரம் இருக்கிறது.
ஒன்றோடு நின்றால்
எந்திரம் பிள்ளையார் கோயில் தாண்டிவிட்டது.

இன்றைக்கு ஒன்று.
துண்டை நனைத்து வாசலை அடைத்துவிட்டேன்.
பூவுக்குப் போய்த் தாமதமாக வந்த மூன்று பேர்
துணிமேல் நடந்து நடந்து வழி தேடுகிறார்கள்,
காலில் மஞ்சள் மூட்டையோடு.
தெருவில் உறுமல் கேட்கிறது.
இவர்களுக்கு யார்
போன் போடுவது?