பின்சீட்டுச் சாட்சி

மெரித்தின் கார் சீட்டைக் கழற்றித் தட்டியபோது
அது விழுந்தது:
விரல் நீளத்தில் ஓர் உருளைக்கிழங்கு ஃப்ரை.
ஒடியவில்லை. பூசணம் பூக்கவில்லை.
எறும்புகூடத் தொட்டிருக்கவில்லை.
(டுலூத்தில், பிப்ரவரியில், எறும்பு ஏது என்று
நான் வாதாடியிருக்கலாம்.)

கிர்ஸ்டி அதை இரண்டு விரலால் தூக்கி
விளக்குக்கு நேரே பிடித்தாள்.
"எப்போ?"
"என்ன எப்போ?"
"லைல்."
என் பெயரை அவள் தனியாகச் சொன்னால்
தீர்ப்பு எழுதியாகிவிட்டது என்று பொருள்.

ஏரி இறுகி, கப்பல்கள் கட்டிக் கிடக்கும் மாதம்.
பகலெல்லாம் ஒரு கப்பலின் வயிற்றுக்குள்
இரும்பை இரும்போடு ஒட்டவைக்கிறேன்.
செவ்வாய் மட்டும் மூன்று மணிக்கு விடுவார்கள்.
காப்பகத்தில் மெரித்தை எடுத்துக்கொண்டு
நேரே வீட்டுக்கு வரவேண்டியவன்
வலப்பக்கம் திரும்பினேன், அவ்வளவுதான்.
ஒரு முறை.
சரி, நான்கு.

மூன்று வயதுக்கு எவ்வளவு உப்பு ஆகும்,
அந்த எண்ணெய்க்கு எத்தனை நாள் வயது,
சின்னக் கோப்பைக்குள் எத்தனை கரண்டிச் சர்க்கரை,
கிர்ஸ்டி அடுக்க அடுக்க
எதற்கும் என்னிடம் பதிலில்லை.
பதிலில்லாதவன் செய்வதைச் செய்தேன்.
குரலை உயர்த்தினேன்.

"எங்கப்பா மாசம் ஒரு தடவை கூட்டிட்டுப் போவார்.
சம்பள நாள்.
அன்னிக்கு மட்டும்தான் எனக்கு எதிரே உக்காந்து சாப்பிடுவார்.
மத்த நாளெல்லாம் அவர் தட்டு
அடுப்பு மேல மூடியே இருக்கும்.
நான் செத்தா போயிட்டேன்?"

"உனக்கு அது சம்பள நாள்" என்றாள்.
பிறகு பேசவில்லை.
கராஜ் ஹீட்டர் இருமி இருமி
ஒருவழியாகப் பற்றிக்கொண்டது.

"எனக்கு அது ஹிங்க்லி."

ஹிங்க்லி, இங்கிருந்து மினியாபொலிஸ் போகும் வழியில்
ஏறக்குறைய பாதித் தூரம்.
ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், வெள்ளி மாலை ஆறு மணி.
ஒரு விளக்குக் கம்பத்தடியில் அம்மாவின் கார்.
எதிர்க் கோடியில் அப்பாவின் கார்.
நடுவே பர்கர் கடை.
பையைத் தோளில் மாட்டிக்கொண்டு
அவள் ஒரு கதவு வழியாக நுழைவாள்,
மறு கதவு வழியாக வெளியேறுவாள்.
இடையில் ஒரு பெட்டி கையில் ஏறும்,
பர்கரும் பொம்மையுமாக.
யார் காசு கொடுத்தார்கள் என்பது நினைவில்லையாம்.
ஏழு வருஷம்.
பொம்மைகள் நூற்றைத் தாண்டின.
ஒன்றின் உறையையும் அவள் பிரிக்கவில்லை.

எட்டு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம்.
உப்பைப் பற்றி நானூறு முறை கேட்டிருப்பேன்.
இதை இன்றுதான்.

என்ன சொல்வதென்று தேடிக்கொண்டிருந்தபோது
கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள் மெரித்,
ஒரு காலில் மட்டும் பூட்ஸ்.
அம்மாவின் கையைப் பார்த்தாள்.
"என்னோடது!"
பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டாள்.

"துப்பு!"
இரண்டு குரலும் ஒன்றாக விழுந்தன.
அன்றைக்கு நாங்கள் ஒத்துப்போன ஒரே சொல்.
என் உள்ளங்கையையும் பார்த்து
அவள் உள்ளங்கையையும் பார்த்து
நன்றாக யோசித்து
தரையில் துப்பினாள்.
"சூடா இல்ல" என்றாள்,
குறை கடைக்காரன்மேல் என்பது போல.

கிர்ஸ்டி சிரித்தாளா என்று சொல்ல முடியாது.
குனிந்து துடைத்துக்கொண்டிருந்தாள்,
துடைக்க அவ்வளவு நேரம் ஆகாது.

இரவு, விளக்கணைத்து வெகு நேரத்துக்குப் பின்,
தூங்கிவிட்டாள் என்று நான் நினைத்த பக்கத்திலிருந்து:
"போனா,
போன கதவு வழியாவே
ரெண்டு பேரும் திரும்பி வாங்க."

சரி என்றேன்.
பனி வாரும் வண்டி தெருவைச் சுரண்டிக்கொண்டு போனது.
அது முனை திரும்பிய பிறகு:
"ஆனா அந்த எண்ணெய் பழசுதான்.
அதுல மாத்தமில்ல."