நீல மட்டைக் கொப்பி

வெள்ளிக்கிழமை அஞ்சரைக்கு
வெள்ளவத்தைப் பேக்கரி வாசலில்
பிள்ளை கைமாறுகிறான்.
கைமாறுகிறான் என்றா எழுதினேன்?
வேறு சொல் கிடைக்கவில்லை.

கொட்டாஞ்சேனை பஸ்ஸில் வந்து இறங்குவார் டெரன்ஸ்,
சட்டையெல்லாம் கசங்கி.
மழையைப் பற்றி ஒரு வசனம். பஸ்ஸைப் பற்றி ஒன்று.
அதற்கு மேல் பேசத் தெரிந்திருந்தால்
புதுக்கடை நீதிமன்றப் படிகளில்
அத்தனை தரம் ஏறியிருக்க மாட்டோம்.
மிச்சமெல்லாம் பள்ளிக்கூடப் பையின் முன்பக்கத்தில்,
நீல மட்டைக் கொப்பியில்.

'இரவு இருமல். பம்ப் ரெண்டு தரம்.'
'சிங்களச் சொல்வதெழுதல் பத்துக்கு ஆறு. ஏச வேண்டாம்.'
'இடது சப்பாத்து கடிக்குது. அடுத்த அளவு வாங்கினேன்.'
'அரைவாசிக் காசு தாறேன்.'
'தேவையில்லை.'
'இல்லை, தாறேன்.'

எட்டு வருடக் கலியாணத்தில்
இவ்வளவு தெளிவாக அவர் எனக்கு எழுதியதில்லை.
என் கையெழுத்தும் கொஞ்சம் திருந்தித்தான் இருக்கிறது.

முதல் மாதங்களில் சயூரன்
ஞாயிறு திரும்பி வந்ததும் குளியலறைக்குள் போய்
நெடுநேரம் தண்ணீரைத் திறந்துவிடுவான்.
கதவில் காதை வைத்து நிற்பேன்.
தண்ணீர் மட்டும்தான் கேட்கும்.
பிறகு வந்து, 'என்ன சாப்பாடு?' என்பான்.
'அங்க என்ன சாப்பிட்டனி?'
'மறந்துட்டன்.'
கடற்கரை ரயில்களில் எது எத்தனை நிமிடம் பிந்தியது என்று
ஒரு கிழமைக்கும் சேர்த்துச் சொல்லக்கூடியவன்.

போன மாதம் கொப்பியைத் திறந்தேன்.
டெரன்ஸின் வரிக்குக் கீழே பென்சிலில்,
அழித்தழித்து:

'புதன்கிழமை நீச்சல் போட்டி. ரெண்டு பேரும் வரளாம்.
ஒரே வாங்கில இருக்கத் தேவயில்ல.
நான் எந்தப் பக்கம் பாத்து மூச்சு எடுக்கிறன் எண்டு
எண்ண வேண்டாம்.'

போனோம்.
தடாகத்துக்கு அந்தக் கரையில் அவர்,
இந்தக் கரையில் நான், மடியில் துவாயும் பம்பும்.
எண்ண வேண்டாம் என்றவனை எண்ணினேன்.
அவனுக்கு வலப்பக்கம்தான் மூச்சு வரும்.
போகும்போது முகம் முழுக்க அவர் பக்கம்.
ஒரு மூச்சுக்கூட எனக்கில்லை.
அந்தத் தொங்கலில் சுவரை உதைத்துத் திரும்பினான்.
பிறகு
தண்ணீர் வழியும் அந்த வாய்,
மூன்று வீச்சுக்கு ஒருதரம்,
என் பக்கம்.

ஏழு பேரில் ஐந்தாவது.

அன்றைக்கு டெரன்ஸ் கொப்பியில் எழுதியது:
'நல்லா நீந்தினான்.'
கீழே நான்: 'ஓம். பார்த்தேன்.'
அந்த 'வரளாம்'இல் இருக்கிற ளகரத்தை
அவரும் திருத்தவில்லை,
நானும்.