பதினான்காம் ஷரத்து

பேட்டரி ரோட்டில் ஒன்பதாவது மாடி.
மிஸ்டர் விட்கோமின் மேசைக்கு எதிரே
எனக்கு ஒரு நாற்காலி, ஓர் அகராதி,
சொல்லுக்கு நாற்பது காசு.

கீழே ஆறு காலியாகக் கிடந்தது.
தொங்கான்களைப் போன வருடம்தான்
பாசிர் பாஞ்சாங்குக்கு விரட்டியிருந்தார்கள்.
நாற்றம் மட்டும் இன்னும் கிளம்பவில்லை.

காப்புறுதிப் பத்திரம் சொல்கிறது:
கலகம் என்றால் பணம் உண்டு.
உள்நாட்டுப் போர் என்றால் இல்லை.
இடையில் ஒரு முற்றுப்புள்ளி.
கொழும்பில் எரிந்த கிடங்கு
அந்தப் புள்ளிக்கு எந்தப் பக்கம் என்பதுதான்
அவருடைய அந்த வருடத்து வாழ்க்கை.

அவர் கம்பெனிப் பக்கம்.
அவருக்குப் போர் வேண்டும்.
மென்மையாகத்தான் கேட்பார்:
"போர் என்று எங்காவது சொல்லியிருக்கிறாரா, பாருங்கள்."

மாலை ஐந்துக்கு டெலக்ஸ் கடகடக்கும்.
லண்டன் விழித்துக்கொண்டு
எத்தனை பேர் செத்தால் போர் என்று கேட்கும்.
அவர் பழைய தீர்ப்புகளை இறக்கி வைப்பார்.
கொடி இருந்ததா, சீருடை இருந்ததா,
இரண்டு தரப்பு இருந்ததா.
பக்கங்களில் விழுந்த காயா ரொட்டித் துகளை
ஊதித் தள்ளுவார்.

நல்லைநாதன் வந்தார், கிடங்குக் கணக்குப்பிள்ளை.
மருமகனின் சட்டை, தோளில் தொங்கியது.
ஏர்கான் குளிருக்குக் கைகளைத்
தொடைக்கடியில் வைத்துக்கொண்டார்.
இருநூற்றுப் பதினெட்டு பொதி துணி என்றார், தயங்காமல்.
உள்ளே காவல்காரர் இரண்டு பேர் என்றார், பெயர்களோடு.
பிறகு,
"பிரச்சினை துவங்கின அண்டைக்கு
நான்தான் வெளியால பூட்டினனான்..."
அங்கே நின்றுவிட்டார்.
சாவியைப் பற்றி யாரும் கேட்கவில்லை.
ஷரத்தில் சாவி இல்லை.

"என்ன சொல் அது, துவங்கியது?"
பிரச்சினை, என்றேன்.
அகராதியில்: சிக்கல். தொல்லை.
"போர் இல்லையா?"
யாழ்ப்பாணத்தார் அப்படித்தான் சொல்வார்கள்.
என் சித்தப்பாவின் கடிதத்திலும்
பிரச்சினை, சுகம், மழையில்லை.

பேனாவை மூடினார்.
"என் தம்பி பெல்ஃபாஸ்ட்டில் இருந்தான், பட்டாளத்தில்.
அங்கேயும் யாரும் போர் என்பதில்லை.
தொல்லைகள் என்பார்கள்.
பெட்டியோடு வந்த கடிதத்திலும் அதுதான்."

நல்லைநாதன் என் முகத்தைப் பார்த்தார்.
என்னவாம்?
அங்கேயும் பிரச்சினையாம், என்றேன்.
தலையாட்டினார்,
பக்கத்துத் தெருவில் மழை என்று கேட்டவரைப் போல.

மார்ச்சில் முடித்தார்கள்.
நூற்றுக்கு முப்பத்தைந்து.
கலகமும் இல்லை, போரும் இல்லை.

சாட்சியத்தை நான்தான் டைப் அடித்தேன்.
'நான்தான் பூட்டினனான்' என்பதை
'கதவு வெளியே பூட்டப்பட்டிருந்தது' என்று.
ஆள் இல்லாத வாக்கியம்.
விட்கோம் அங்கே விரலை வைத்தார்,
என்னைப் பார்த்தார்,
விரலை எடுத்துவிட்டு
அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.