சீழ்க்கை

காலை ஐந்தரைக்கு
விர்ட்சு துறையில் டிக்கெட் கொடுக்க உட்காருமுன்
நாற்பது திருடர்களைத் துரத்திவிட்டு வருகிறேன்.
ராத்திரியெல்லாம் மன்றத்துக்குள் புகுந்து
சூதாட்டமும் மலிவு மாத்திரையும் கூவியவர்கள்.
ஒருவருக்கும் முகம் கிடையாது.
படகும் கிடையாது.

பழைய டீசல் படகு எஞ்சின்களுக்கான மன்றம்.
ஒருகாலத்தில் எண்ணூறு பேர்.
எண்ணெய்க் கையோடு தட்டெழுதி
எழுத்துப்பிழையோடு ஒருவரையொருவர் முட்டாள் என்பார்கள்.
மறுநாள் அதே முட்டாளுக்கு
ஒரு கேஸ்கட் தபாலில் போகும்.

இப்போது யாரும் கேட்பதில்லை.
எஞ்சின்கள் இன்னும் புகைகின்றன,
ஆனால் சட்டைப்பையில் இருக்கும் இயந்திரத்திடம்
கிசுகிசுத்துவிடுகிறார்கள்.
அது உடனே சொல்கிறது. மரியாதையாக. பிழையில்லாமல்.
பக்கத்தில் நின்று ஒட்டுக்கேட்க மூன்றாம் ஆள் இல்லை.
"அட மடையா, அது அப்படியில்லை" என்று
குறுக்கே விழ எண்டெல் இல்லை.

எண்டெல் நிஜமாகவே இல்லை.
போன மார்ச்சில் இறந்தான்.
அவன் மகள் அவன் கடவுச்சொல்லில் நுழைந்து
அதைச் சொன்னாள்.
பெயருக்குப் பக்கத்தில் எரியும் பச்சைப் புள்ளியை
எப்படி அணைப்பது என்றும் கேட்டாள்.
எனக்கும் தெரியவில்லை.

மூடிவிடலாமா என்று வாக்கெடுப்பு வைத்தேன்.
பதினோரு பேர் வந்தார்கள்.
ஆறு பேர் மூடு என்றார்கள்.
நாலு பேர், விற்பனைக்கு ஏதும் இருக்கிறதா என்றார்கள்.
ஒருவர் மட்டும்,
"அந்தச் சீழ்க்கை கடைசியில் என்ன ஆயிற்று?"

அந்தச் சீழ்க்கை.
2008 பனிக்காலம்.
கடல்நாய் 62 என்ற பெயரில் ஒருவர் எழுதினார்:
விடியற்காலையில் எஞ்சின்மேல் குனிந்தால்
மெல்லிசாய் ஒரு சீழ்க்கை.
நிமிர்ந்தால் நின்றுவிடுகிறது.

நூற்றுப் பன்னிரண்டு பதில்கள்.
இன்ஜெக்டர் என்றான் வெல்லோ.
டர்போவே இல்லாத எஞ்சினில் டர்போ என்றான் ஒருவன்.
நானும் எழுதினேன்: வால்வு.
இரண்டு பேர் தங்கள் எஞ்சினையே பிரித்துப் பார்த்தார்கள்,
ஒருவனால் திரும்பப் பூட்ட முடியவில்லை.

ஆறாம் வாரம் கடல்நாய் வந்தார்.
"கண்டுபிடித்துவிட்டேன். நன்றி."
அவ்வளவுதான்.
பதினேழு வருடம் சாபம் விட்டோம்.

போன செவ்வாய், வரிசையில் மூன்றாவது வண்டி,
பின்னால் டிரெய்லரில் படகு.
அடையாள அட்டையில் கல்யோ என்று பெயர்.
ரசீது எந்த முகவரிக்கு என்றேன்.
"கடல்நாய்," என்றார், "அப்புறம் அறுபத்திரண்டு."

எனக்குக் கை ஓடவில்லை.
பின்னால் லாரிக்காரன் ஹார்ன் அடித்தான்.
அடிக்கட்டும்.
கண்ணாடித் துளையில் வாயை வைத்துக் கேட்டேன்:
என்ன சீழ்க்கை அது?

காதுவரை சிவந்தார்.
"பல்," என்றார்.

அந்த நவம்பரில் கட்டிய முன்பல்.
குனிந்து குளிரில் மூச்சுவிட்டால்
சந்துவழியே காற்று.
மனைவிதான் கண்டுபிடித்தாளாம்,
ஷூ லேஸ் கட்டும்போதும் எஞ்சின் சத்தம் வருகிறதே என்று.
"அத்தனை பேர் எஞ்சினைப் பிரித்துப் போட்ட பிறகு
இதை எந்த வாயால் சொல்வேன்?"

நான் எழுதட்டுமா?
கேட்டை உயர்த்தாமல் காத்திருந்தேன்.
"எழுது," என்றார்,
"நான் செத்த பிறகு."

அன்றிரவு,
எங்கள் நூற்றுப் பன்னிரண்டையும் எப்போதோ விழுங்கியிருக்கக்கூடிய
அந்த இயந்திரத்திடம் கேட்டுப் பார்த்தேன்.
ஏழு காரணம் சொன்னது.
நாலாவது என்னுடைய வால்வு.
பல் இல்லை.

செர்வர் வாடகையை ஒரு வருடத்துக்குக் கட்டப் போனவள்
நின்று யோசித்து ஐந்துக்குக் கட்டினேன்.
வரவேற்பு வரியை மாற்றவில்லை.
திருடர்கள் வழக்கம்போல் வருகிறார்கள்.

நேற்று அவர் தீவிலிருந்து திரும்பினார்.
டிரெய்லரை ஒற்றைக் கையால் தள்ளித் திருப்புவதைப்
பார்த்துக்கொண்டிருந்தேன்.
கல்லு மாதிரி உடம்பு.

பத்துக்குக் கட்டியிருக்கலாம்.