இதர செலவு

இருபது லிட்டர் கேன் ஆறு ரூபாய்.
மாரண்டஹள்ளியில், தக்காளி மண்டிக்குப் பின்னால்,
நீல ஷட்டர், இரண்டு குழாய், ஒரு மாதேஷ்.
கணக்கு நான்.
மிஷின் வாங்கப் பணம் போட்டது
யூட்ரெக்ட்டில் ஒரு சின்ன நிறுவனம்.
மாதம் ஒருமுறை கேட்பார்கள்:
வரவு செலவு, புளோரைடு அளவு,
வாடிக்கையாளர் சிரிக்கும் படம் நான்கு.

கணக்கு போகும். அளவும் போகும்.
படம்தான் போகாது.
கேமராவைக் கண்டால்
உதட்டைப் பூட்டிக்கொள்கிற ஊர் இது.
போர் தண்ணீரில் வளர்ந்த பல்,
துருப்பிடித்த தகரம்போல வரி வரியாக.
கல்யாண ஆல்பம் முழுக்க மூடிய வாய்.
எனக்கும் அப்படித்தான்.
வீடியோ காலில் ஆனெக் சிரிக்கும்போதெல்லாம்
நான் தலையாட்டுகிறேன்.

திருவேங்கடம் சார் ஜீப்பில் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை.
ஒரு டம்ளர் வாங்கிக் குடித்தார்.
"நல்லா இருக்கே" என்றார், உண்மையாகவே.
இன்னொரு டம்ளர் கேட்டார்.
தடையின்மைச் சான்று புதுப்பிக்கலையாமே?
கரண்ட்டு குடிநீர்க் கணக்கிலா, வியாபாரக் கணக்கிலா?
கழிவுத்தண்ணி யார் நிலத்துல போகுது?
போர் எத்தனை அடி?
பணம் என்ற சொல்லே பேச்சில் வரவில்லை.
டிரைவர் இரண்டு கேனை ஏற்றிக்கொண்டிருந்தபோது மட்டும்,
"கொஞ்சம் கவனிச்சுக்குங்க."

கவனிப்பு.
படுத்த நோயாளிக்குச் செய்வது,
வாசலேறி வந்த சம்பந்திக்குச் செய்வது.
ஆனெக்குக்கு அதை எப்படிச் சொல்ல?
எழுதி எழுதி அழித்தேன். கடைசியில்
அக்கறை என்று போட்டேன்.
அதிகாரி நம்மேல் அக்கறை காட்டுகிறாரா என்று மகிழ்ந்தாள்.
நாற்பதாயிரம் ரூபாய் அக்கறை என்றதும்
ஒப்பந்தத்தின் பதினோராம் பக்கம் வந்தது:
ஒரு ரூபாய் கொடுத்தாலும் முதலீடு திரும்பப் பெறப்படும்.
அவள் சொல்வது சரி.
சரியான வாக்கியம் எழுத
அங்கே நிறையத் தண்ணீர் இருக்கிறது.

என்னிடம் இருந்தது ஒரே ஒரு கட்டம்: இதர செலவு.
பினாயில், துடைப்பம், ஆயுத பூஜைப் பொரி.
அதற்குள் நாற்பதாயிரத்தை மடித்து வைக்க முடியுமா என்று
இரண்டு ராத்திரி பார்த்தேன்.
அத்தனைக்கும் பினாயில் வாங்கினால்
தாலுகா ஆபீஸ் வரைக்கும் கழுவலாம்.

பதினெட்டாம் தேதி மோட்டார் சுவிட்சில் அரக்கு முத்திரை.
பத்தொன்பதாம் தேதி அதே தெருவில் மினி லாரி,
லேபிள் இல்லாத கேன், முப்பத்தைந்து ரூபாய்.
யாருடைய லாரி என்று யாரும் கேட்கவில்லை.
முப்பத்தைந்து இல்லாதவர்கள்
பழைய போருக்கே குடத்தோடு திரும்பினார்கள்.
ஒருவரும் சத்தம் போடவில்லை.
வாயைத் திறக்காமலிருக்கப் பழகிய ஊர்தானே.

மாதேஷ் மட்டும் தினமும் ஷட்டரைத் தூக்குகிறான்.
மிஷினுக்குள் இருக்கும் சவ்வு காயக்கூடாது.
காய்ந்தால் செத்துவிடும்; புதிது ஒன்றரை லட்சம்.
தொட்டியில் மிஞ்சியது எண்பது லிட்டர்.
காலை ஐந்து, மாலை ஐந்து,
காய்ச்சல்காரனுக்குக் கஞ்சி புகட்டுவதுபோல
சவ்வுக்கு ஊற்றுகிறான்.

இன்று பச்சையம்மாள் பால் பாட்டிலோடு வந்து நின்றாள்.
இடுப்பில் ஏழு மாதப் பெண்.
கீழே ஒரு பல், நொய்யரிசி அளவு,
வெள்ளை.
மாதேஷ் என்னைப் பார்த்தான்.
நான் தொட்டியின் அளவுக்கோட்டைப் பார்த்தேன்.

இருபத்திரண்டாம் தேதி.
வரவு இல்லை.
கையிருப்பு முப்பத்தொன்பதரை லிட்டர்.
இதர செலவு: அரை லிட்டர்.
படம் ஒன்று இணைத்திருக்கிறேன், வாய் திறந்த படம்.

நாளைக்கும் வரச்சொல்லிவிட்டேன்.
சவ்வு நாலு நாள் தாங்கும் என்கிறான் மாதேஷ்.
நான் முகம் சுளித்தால்
ஐந்து என்கிறான்.