தையல் நூல்

ஜியெஸ்தாவுக்கு என் கை பிடிக்காது.
ஆறு வயது, மழைமேகச் சாம்பல்,
வாய் மட்டும் இரும்பு.
நான் இழுப்பேன், அவள் இழுப்பாள்.
அலெந்தேஜோவில், கார்க் மரங்களுக்கு நடுவே
ஒரு மணல் வட்டத்தில்
மாலைதோறும் கயிறிழுப்புப் போட்டி:
அறுபத்திரண்டு கிலோ, ஐந்நூறு கிலோவோடு.

தொழிற்சாலையில் நாளெல்லாம்
பட்டைகளை அடுக்கி அமுக்கும் கை இது.
வேறென்ன தெரியும் இதற்கு?

ஜனவரியில் வலது மணிக்கட்டு முறிந்தது.
குதிரையால் அல்ல,
குளியலறை ஈரத்தால்.
முழங்கைவரை மாவுக்கட்டு.
ஆறு வாரம் ஏறக் கூடாது என்றார் மருத்துவர்.
மூன்றாம் வாரம் ஏறினேன்.

இரண்டு வாரையும் இடது கையில் சேர்த்துப் பிடித்தேன்.
பிடித்தேன் என்று சொல்வதுகூட அதிகம்.
பாதி வட்டத்தில் அவள் கழுத்தை நீட்டினாள்.
மூக்கிலிருந்து நீளமாக ஒரு புர்ர்,
யாரோ பழைய சாக்கை உதறுவதுபோல.
சேணத்துக்கடியில் என்னவோ எழும்பியது.
முதுகு.
அவளுக்கு முதுகு உண்டு என்பதே
அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

கட்டைப் பிரித்த அன்று
கை திரும்பி வந்தது.
கூடவே நானும்.
இரண்டே சுற்றில் வாய் மறுபடி இரும்பு.

அன்றிரவு தையல் பெட்டியைக் குடைந்தேன்.
வெள்ளை நூல், ஐம்பதாம் நம்பர்.
கடிவாள வளையத்துக்கும் வாருக்கும் நடுவே
பக்கத்துக்கு ஒரு முடிச்சு.
(கழுத்தில் ஒரு கயிறும் இருந்தது.
அவ்வளவு முட்டாள் இல்லை நான்.)
வைக்கோல் இறக்க வந்த டெல்ஃபிம்
வண்டியை அணைக்காமலே கேட்டான்:
"லியோனில்தே, குதிரைக்குச் சட்டை தைக்கிறாயா?"

முதல் நாள் பதினொரு முறை அறுந்தது.
லாயக் கதவில் சாக்கட்டியால் கோடு போட்டேன்.
நான்காம் நாள் ஏழு.
ஐந்தாம் நாள் பதினான்கு.
அன்று காலை, வீட்டுப் பங்கு விஷயமாய்
அக்காவிடம் தொலைபேசியில் கத்தியிருந்தேன்.
நூலுக்கு யார் சொன்னது?

இறுக்கம் ஒரு குடித்தனக்காரன்.
விரலைக் காலி செய் என்றால்
முட்டிக்கு மூட்டையை மாற்றுகிறான்.
அங்கிருந்து விரட்டினால் தாடை.
தாடையையும் விட்டால்
காலணிக்குள் சுருண்ட கட்டைவிரலில்
விளக்கணைத்து ஒளிந்திருக்கிறான்.

கையைத் தொங்கவிட்டுப் பார்த்தேன்.
அவள் வழி கேட்பதுபோல் இருபுறமும் தலையாட்டினாள்.
தொய்ந்த நூலில் சேதி போகாது.
விட்டுப் பிடி என்கிறார்கள்.
எவ்வளவு விட, எவ்வளவு பிடிக்க?
அதை யாரும் சொல்வதில்லை.

நிற்கச் சொல்ல ஒருநாள் வெறும் மூச்சை விட்டேன்.
நின்றாள்.
நான்தான் இன்னும் அரையடி போனேன்.

மார்ச் கடைசியில் ஒரு மாலை.
மின்கம்பக் கூட்டில் நாரைகள் அலகு தட்டிக்கொண்டிருந்தன.
நடை, துள்ளுநடை, இடப்பக்கம் வட்டம்,
வலப்பக்கம் வட்டம்,
மூலையில் ஒரு பாய்ச்சல், நிறுத்தம்.
இறங்கிப் பார்க்கிறேன்,
வலது வார் எதிலும் இல்லை.
தேடிப் போனேன்.
தூர மூலையில் மணலோடு மணலாய் வெள்ளை இழை,
அதன்மேல் ஆறேழு குளம்புத் தடம்.

ஆறேழு சுற்று.
அத்தனை நேரமும் அவளை
வலப்பக்கம் திருப்பியது யார்?

டெல்ஃபிமிடம் சொல்லவில்லை.
கோடு ஒன்று போட்டேன், பிறகு அழித்தேன்,
பிறகு போட்டேன். அறுந்தது அறுந்ததுதானே.

மறுநாள் மழை விட்டதும் ஏறினேன்.
நாரை ஒன்று கம்பத்திலிருந்து சரேலென இறங்க,
ஜியெஸ்தா பக்கவாட்டில் தாவ,
நான் சேற்றில்.
முழங்கை எரிந்தது. கெட்ட வார்த்தை எல்லாம் வந்தது.
நிமிர்ந்தால், பத்தடி தள்ளி
வேலியோரப் புல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறாள்.
வார் கழுத்தின்மேல் கிடக்கிறது.

அருகே போய்க்
கடைவாயோரம் நுரையை விலக்கிப் பார்த்தேன்.
இடப்பக்கம் நூல் இருந்தது.
வலப்பக்கமும்.